சேவலா பெட்டையா என்று முடிவு செய்வது அப்பாவா, அம்மாவா?

கொங்குத்தோட்டம் எழுதியது:
வணக்கம். நாட்டுக்கோழி வளர்க்கிறேன். இந்த ஈட்டில் பொரித்த குஞ்சுகளில் பெரும்பாலும் சேவலாகவே இருக்கின்றன. பக்கத்துத் தோட்டத்து அண்ணன், "சேவலை மாத்திப் பாருப்பா, எல்லாம் சேவலோட வேலைதான்" என்கிறார். பள்ளியில் படித்ததும் அப்படித்தான் ஞாபகம்: அப்பாவின் ஒய் குரோமோசோம் வந்தால் ஆண், எக்ஸ் வந்தால் பெண். அப்படியென்றால் சேவலை மாற்றினால் பெட்டை கூடுமா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஒரு வயதான பெட்டை முட்டையை நிறுத்திவிட்டுக் கொண்டை பெருத்து, காலையில் கூவ ஆரம்பித்திருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் அபசகுனம், அறுத்துவிடு என்கிறார்கள். இதற்கும் குரோமோசோமுக்கும் சம்பந்தம் உண்டா?

நுண்ணோக்கி எழுதியது:
சேவலை மாற்ற வேண்டாம். நீங்கள் படித்த எக்ஸ், ஒய் கணக்கு மனிதனுக்கும் பெரும்பாலான பாலூட்டிகளுக்கும் உரியது. பறவைகளில் தலைகீழ். சேவலுக்கு இசட் குரோமோசோம் இரண்டு, பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. சேவலின் விந்தணு எதை எடுத்தாலும் அதில் இசட்தான் இருக்கும். கருமுட்டையில்தான் இசட்டா டபிள்யூவா என்ற வித்தியாசம் வரும். அது முடிவாவதும் சூலகத்திலிருந்து மஞ்சள்கரு விடுபடுவதற்குச் சில மணி நேரம் முன்னால். வெள்ளைக்கரு சுற்றவில்லை, ஓடு கட்டவில்லை, விந்தணுவையே இன்னும் பார்க்கவில்லை, அதற்குள் சேவலா பெட்டையா என்பது முடிந்துவிடுகிறது. ஒரு ஈட்டில் சேவல் அதிகமானது தற்செயல். நிறைய ஈடுகளைச் சேர்த்துக் கணக்கெடுத்தால் பாதிக்குப் பாதி பக்கம் வந்துவிடும்.

கூவுகிற பெட்டையை அபசகுனம் என்று அறுக்காதீர்கள், அது நோயாளி. கோழிக்கு இடப்பக்கச் சூலகம் மட்டும்தான் வளர்கிறது. வலப்பக்கம் இருப்பது வளராத ஒரு சிறு திசு. இடது சூலகத்தில் கட்டியோ தொற்றோ வந்தால் ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிடும். அந்த நேரத்தில் வலப்பக்கத் திசு வளர்ந்து விரை மாதிரி ஆகக்கூடும். கொண்டை பெருக்கும், அடுத்த இறகுதிர்ப்புக்குப் பிறகு சேவல் இறகு வரும், குதிமுள்கூட முளைக்கும், கூவும். இத்தனைக்குப் பிறகும் அதன் ஒவ்வொரு செல்லிலும் இசட், டபிள்யூ அப்படியேதான் இருக்கும். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பொரிப்பகம்_செல்வி எழுதியது:
நுண்ணோக்கி சார் சொன்ன இசட் கணக்கை வைத்துத்தான் எங்கள் பொரிப்பகத்தில் தினமும் வேலை நடக்கிறது. முட்டைக்கோழி ரகங்களில் சேவல் குஞ்சு தேவையில்லை, பொரித்த அன்றே பிரித்தாக வேண்டும்.

குஞ்சைக் கையில் எடுத்து, ஒரு பக்க இறக்கையை விசிறி விரிப்பதுபோல விரித்துப் பார்ப்போம். இறக்கை நுனியில் இரண்டு வரிசை முளை தெரியும். ஒன்று பிற்பாடு பெரிய இறகாக வளர்வது, இன்னொன்று அதன் அடியை மூடுகிற சிறு இறகு. பெட்டையில் பெரிய இறகின் முளை மூடிறகைவிடத் தெளிவாக நீண்டிருக்கும். ஒன்று நீளம், ஒன்று குட்டை என்று மாறி மாறித் தெரியும். சேவலில் இரண்டும் சமமாக இருக்கும், சிலவற்றில் மூடிறகே நீளம். முதல் இரண்டு நாளுக்குள் பார்த்துவிட வேண்டும், அப்புறம் வித்தியாசம் மறைந்துவிடும்.

இறகு மெதுவாக வளரச் செய்கிற மரபணு இசட் குரோமோசோமில் இருக்கிறது. அது ஓங்குபண்பு, ஒரு படி இருந்தாலே வெளியே தெரியும். தாய்க்கோழிக்கு அந்த மெதுவான இசட்டும், தகப்பன் சேவலுக்கு வேகமான இசட் இரண்டும் இருக்கும்படி ஜோடி சேர்ப்பார்கள். தாய் தன் ஒரே இசட்டை மகனுக்குத்தான் தருவாள், மகளுக்குத் தருவது டபிள்யூ. ஆக மகன்கள் எல்லாம் மெதுவான இறகு, மகள்கள் எல்லாம் அப்பாவைப்போல வேகமான இறகு. இப்படித் திட்டமிட்டுச் சேர்த்த ரகத்தில் மட்டும்தான் இது பலிக்கும். நாட்டுக்கோழிக் குஞ்சில் இறக்கையைப் பார்த்துச் சொல்கிறேன் என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள் அண்ணா.

தமிழ்ச்சுடர் எழுதியது:
அப்போது டபிள்யூ இருப்பதால் பெட்டையா, இசட் ஒன்றுதான் இருப்பதால் பெட்டையா? இரண்டும் வேறு வேறு விஷயம் இல்லையா?

நுண்ணோக்கி எழுதியது:
முக்கியமான கேள்வி தோழர். கோழியில் இதுவரை கிடைத்த சான்று இசட்டின் அளவுப் பக்கம்தான் சாய்கிறது. இசட்டில் டிஎம்ஆர்டி1 என்றொரு மரபணு இருக்கிறது. சேவலுக்கு அது இரண்டு படி, பெட்டைக்கு ஒன்று. 2009இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், இசட் இரண்டும் உள்ள ஆண் கருவில் இந்த மரபணுவின் வேலையைக் குறைத்துப் பார்த்தார்கள். விரை ஆக வேண்டியது சூலகத் திசுவாகத் திரும்பத் தொடங்கியது.

ஆனால் எல்லா உயிருக்கும் இதே பதில் இல்லை. பட்டுப்புழுவும் இசட், டபிள்யூ வகைதான். அதில் டபிள்யூ ஒன்று இருந்தாலே போதும், இசட் எத்தனை இருந்தாலும் பெண். 2014இல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள்: அந்த டபிள்யூவிலிருந்து புரதம்கூட வருவதில்லை, மிகச் சிறிய ஒரு ஆர்என்ஏ துண்டு வந்து ஆணாக்கும் மரபணுவை அடக்கிவிடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் கோழியும் பட்டுப்பூச்சியும் ஒரே எழுத்து, உள்ளே வேலை வேறு.

இதே மாதிரிதான் மனிதனும் பழ ஈயும். இரண்டிலும் பெண் எக்ஸ் எக்ஸ், ஆண் எக்ஸ் ஒய். ஆனால் பழ ஈயில் ஆண் பெண் முடிவில் ஒய்க்குப் பங்கே இல்லை. விந்தணு உருவாகத்தான் அது தேவை. எக்ஸ் இரண்டும் ஒரு ஒய்யும் உள்ள ஈ பெண், முட்டையும் இடும். ஒரே ஒரு எக்ஸ் மட்டும் உள்ள ஈ ஆண், ஆனால் மலடு. அமெரிக்க மரபியலாளர் பிரிட்ஜஸ் 1916இலேயே இதைக் காட்டிவிட்டார். மனிதனும் அப்படித்தான் என்று நாற்பது வருடத்துக்கு மேல் பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1959இல்தான் மனிதக் குரோமோசோம்களை எண்ணிப் பார்த்து, எக்ஸ் எக்ஸ் ஒய் உள்ளவர் ஆண் (கிளைன்ஃபெல்டர் நிலை), ஒரே எக்ஸ் உள்ளவர் பெண் (டர்னர் நிலை) என்று தெரிந்தது. அங்கேதான் ஒய்யில் ஏதோ இருக்கிறது என்ற தேடல் சூடு பிடித்தது. 1990இல் லண்டன் குழுக்கள் எஸ்ஆர்ஒய் மரபணுவைப் பிடித்தன. அடுத்த வருடமே அந்த ஒரு மரபணுவை மட்டும் எக்ஸ் எக்ஸ் எலிக் கருவில் செலுத்தினார்கள், விரையோடு ஆண் எலி பிறந்தது.

டீச்சரம்மா எழுதியது:
பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். தம்பி கொங்குத்தோட்டம் சேவலைக் கேட்டதுபோல நம் வீடுகளில் யாரும் மகனைக் கேட்பதில்லை, மருமகளைத்தான் கேட்கிறார்கள். மூன்றாவதும் பெண் என்றதும் ஆஸ்பத்திரி வாசலிலேயே வசவு விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். கருமுட்டை எதுவானாலும் அதில் எக்ஸ் மட்டுமே இருக்கும். எக்ஸா ஒய்யா என்று கொண்டுவருவது விந்தணு. அதற்காக அப்பனைத் திட்டுங்கள் என்று சொல்லவில்லை, எந்த விந்தணு முந்தும் என்பது அவன் கையிலும் இல்லை. இந்த ஒரு பாடத்தை மட்டும் நான் பெற்றோர் கூட்டத்திலும் சொல்லிவிடுவேன்.

கறவைமாடு எழுதியது:
நல்ல இழை. என் கேள்வியையும் இங்கேயே போடுகிறேன். எங்கள் கலப்பினப் பசு இரட்டைக் கன்று போட்டது, ஒன்று காளை, ஒன்று கிடாரி. கிடாரி நன்றாக வளர்ந்துவிட்டது, ஆனால் பருவத்துக்கே வரவில்லை. ஊசி போட வந்தவர் "இது தேறாது" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். காரணம் சொல்லவில்லை.

கால்நடை_மருதன் எழுதியது:
காரணம் இதுதான் ஐயா. பசுவின் கருப்பையில் இரட்டைக் கன்றுகளின் நஞ்சுக்கொடிகள் பெரும்பாலும் ஒன்றோடொன்று ஒட்டி, ரத்தக்குழாய்களும் இணைந்துவிடும். காளைக்கன்றின் விரை முந்தி உருவாகும். அதிலிருந்து வருகிற ஹார்மோன்கள், குறிப்பாகக் கருப்பைக்குழாயைக் கரையச் செய்கிற ஹார்மோன், ரத்தம் வழியாகக் கிடாரிக்குப் போய்விடும். கிடாரியின் சூலகமும் கருப்பையும் பாதியில் நின்றுவிடும். காளையோடு பிறந்த கிடாரிகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் மலடு. 1916இலேயே ஃபிராங்க் லில்லி என்பவர் இந்தக் காரணத்தை எழுதிவிட்டார்.

இந்த இழைக்குப் பொருத்தமானது என்னவென்றால், உங்கள் கிடாரியின் ரத்தத்தை எடுத்துக் குரோமோசோம் பார்த்தால் எக்ஸ் எக்ஸ் செல்லும் இருக்கும், எக்ஸ் ஒய் செல்லும் இருக்கும். இரண்டாவது வகை அண்ணன்காரனுடையது. வாழ்நாள் முழுக்க அது உடம்பில் தங்கிவிடும். இப்படி இன்னொருவரின் ரத்தசெல்லை உடம்பு எதிர்க்காமல் வைத்துக்கொள்வதை 1945இல் ரே ஓவன் மாட்டுக் கன்றுகளில்தான் கவனித்தார். உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்கு அடிப்படையான நோயெதிர்ப்பு ஆராய்ச்சிக்கு அது ஒரு வாசல். அதைத் தொடர்ந்து போனவர்களில் மெடவாருக்கும் பர்னெட்டுக்கும் 1960இல் நோபல் கிடைத்தது. மாட்டுத் தொழுவத்தில் தொடங்கிய விஷயம் என்பதால் எனக்கு இதில் தனிப் பெருமை.

அடுத்த முறை இரட்டை வந்தால் கிடாரிக்கு இரண்டு வருடம் தீனி போட்டுக் காத்திருக்க வேண்டாம். கன்றாக இருக்கும்போதே பிறப்புறுப்புக்குள் மருத்துவர் மெல்லிய குழாயை விட்டு ஆழம் பார்ப்பார். இத்தகைய கிடாரியில் சாதாரணமாக இருக்க வேண்டிய நீளத்தில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். ஆட்டில் இந்தப் பிரச்சினை அபூர்வம், நஞ்சுக்கொடிகள் அப்படி இணைவதில்லை. ஆனால் ஆட்டில் வேறொன்று உண்டு. சில இனங்களில் கொம்பில்லாத கிடாவையும் கொம்பில்லாத பெட்டையையும் சேர்த்தால், எக்ஸ் எக்ஸ் குட்டிகளில் சில ஒய் துளிகூட இல்லாமல் ஆண்தன்மையோடு பிறக்கும். ஒரு டிஎன்ஏ துண்டு விடுபட்டுப்போவதுதான் கொம்பையும் நிறுத்துகிறது, இதற்கும் அதுவே காரணம். அந்த இனங்களில் ஜோடியில் ஒன்றாவது கொம்புள்ளதாக இருக்கட்டும் என்பது அதனால்தான்.

கறவைமாடு எழுதியது:
நன்றி டாக்டர். இப்போதுதான் மனசு ஆறியது. கிடாரி மட்டும் பிறக்க ஊசி வந்திருக்கிறதே, அது எப்படி?

கால்நடை_மருதன் எழுதியது:
எக்ஸ் குரோமோசோம் ஒய்யைவிடப் பெரியது. மாட்டு விந்தணுவில் எக்ஸ் உள்ளதற்கு டிஎன்ஏ ஏறத்தாழ 4 விழுக்காடு கூடுதல். ஒளிரும் சாயம் ஏற்றி, ஒவ்வொரு விந்தணுவாக லேசர் ஒளியில் ஓடவிட்டு, அதிகம் ஒளிர்வதைத் தனியே ஒதுக்குவார்கள். பத்தில் ஒன்பது கிடாரி கிடைக்கும். பிரிக்கும்போது விந்தணு கொஞ்சம் அடிபடுவதால் சினை பிடிக்கும் விகிதம் குறையலாம். முதல் சினைக்கு நிற்கும் ஆரோக்கியமான கிடாரிக்குப் போடுவது நல்லது.

யாரும் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்: மனிதரில் குழந்தையின் பாலைத் தேர்வு செய்வது, கருவுறுமுன் செய்தாலும் சரி, பின் செய்தாலும் சரி, 1994ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003 திருத்தமும்படி குற்றம்.

மார்த்தாண்டம்_தேன் எழுதியது:
தேனீயை விட்டுவிட்டீர்களே! அங்கே எக்ஸ், ஒய், இசட் எதுவுமே கிடையாது. ராணி சேமித்து வைத்த விந்தணுவோடு சேர்த்து இட்ட முட்டை பெண், விந்தணு சேராமல் இட்ட முட்டை ஆண். பெண்ணுக்கு 32 குரோமோசோம், ஆணுக்கு 16. ஆண் ஈக்கு அப்பா இல்லை, ஆனால் தாத்தா உண்டு. சிலேசியாவில் சியேர்சோன் என்ற பாதிரியார் 1845இல் இதைச் சொன்னபோது பலர் ஏற்கவில்லை.

பெட்டி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. விந்தணு சேர்வது மட்டும் பெண்ணாகப் போதாது. ஒரு குறிப்பிட்ட மரபணுவின் இரண்டு படிகளும் வெவ்வேறாக இருந்தால்தான் பெண். நெருங்கிய உறவில் கலந்து இரண்டும் ஒரே மாதிரி வந்துவிட்டால், 32 குரோமோசோம் இருந்தும் அது ஆண் புழு. பணித் தேனீக்கள் அதைக் கண்டுபிடித்துப் புழுப் பருவத்திலேயே தின்றுவிடும். பெட்டியிலிருந்து தேனடைச் சட்டத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தால் மூடிய அறைகளுக்கு நடுவே அங்கங்கே காலி அறையாகப் பொத்தல் பொத்தலாகத் தெரியும். நோயாலும் அப்படி ஆகும் என்பதால், அழுகிய புழுவோ பை போல வீங்கிய புழுவோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதெல்லாம் இல்லாமல் சுத்தமாகக் காலியாக இருந்தால், வேறு ஊர்க் கூட்டத்திலிருந்து ராணி கொண்டுவர யோசியுங்கள்.

தமிழ்ச்சுடர் எழுதியது:
சரி, குரோமோசோமே இல்லாமல் தீர்மானிக்கும் உயிரினம் உண்டா?

கடற்கரை_நடை எழுதியது:
உண்டு, சென்னைக் கடற்கரையிலேயே. பங்குனி ஆமைக்குப் பால் குரோமோசோம் கிடையாது. அடைகாலத்தின் நடுப்பகுதியில் மணல் எவ்வளவு சூடு என்பதுதான் கணக்கு. சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். ஏறத்தாழ 29, 30 டிகிரியில் பாதிக்குப் பாதி. தன்னார்வலர்கள் இரவில் நடந்து முட்டைகளை எடுத்துவந்து வேலிக்குள் புதைக்கும்போது தாய் தோண்டிய அதே ஆழத்தைப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதலையிலும் இதுதான், ஆனால் கோடு நேராக இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை முதலைப் பண்ணையில் நம் சதுப்பு முதலையின் முட்டைகளை வெவ்வேறு சூட்டில் அடைவைத்து ஆராய்ந்து, லாங், ஆண்ட்ரூஸ், விட்டேக்கர் மூவரும் 1989இல் வெளியிட்டார்கள். 28 முதல் 31 டிகிரி வரை எல்லாம் பெண். 32.5இல் எல்லாம் ஆண். அதற்கு மேலே போனால் மறுபடி பெண்ணும் கலந்து வருகிறது. ஒன்றரை டிகிரிக்குள் ஒரு கூடு முழுக்க மாறிவிடுகிறது!

எனக்கு இதில் கவலை அதிகம். ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் (கிரேட் பேரியர் ரீஃப்) வடக்குப் பகுதியில் பிறந்த பச்சை ஆமைகளை ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். இளம் ஆமைகளில் 99 விழுக்காடு பெண். குளிர்ச்சியான தெற்குக் கடற்கரைகளில் பிறந்தவற்றில் அது 65 முதல் 69 வரை. ஆமை வயதுக்கு வரப் பல பத்தாண்டு ஆகும். இன்றைய சூட்டின் விளைவு முட்டையிடும் கூட்டத்தில் தெரியும்போது மாற்ற நேரம் இருக்காது. கூட்டுக்கு நிழல் போடுவது எளிய வேலை, அதை எங்கே, எவ்வளவு செய்வது என்று இப்போதே அளந்து பார்க்க வேண்டும்.

ஆரல்வாய் எழுதியது:
ஒய் குரோமோசோம் சுருங்கிக்கொண்டே போகிறது, ஒரு நாள் ஆண்களே இருக்க மாட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, உண்மையா?

நுண்ணோக்கி எழுதியது:
ஒய் போனால் ஆண் போய்விடும் என்ற முடிவு தவறு. ஜப்பானின் அமாமி தீவில் முள் போன்ற முடியுள்ள ஒரு எலி இனம் இருக்கிறது. அதில் ஆண், பெண் இரண்டுக்குமே ஒரே எக்ஸ்தான், மொத்தம் 25 குரோமோசோம். ஒய்யும் இல்லை, எஸ்ஆர்ஒய்யும் இல்லை. ஆனாலும் ஆண் பெண் சமமாகப் பிறக்கின்றன. 2022இல் விடை கிடைத்தது. நமக்கெல்லாம் எஸ்ஆர்ஒய் போய் எழுப்புகிற சாக்ஸ்9 என்ற மரபணுவுக்கு அருகில், ஆண் எலியில் மட்டும் ஒரு டிஎன்ஏ துண்டு இரட்டித்திருக்கிறது. அதுவே சாக்ஸ்9ஐ எழுப்பிவிடுகிறது.

என் பார்வை இதுதான். விரையையும் சூலகத்தையும் உண்டாக்கும் கீழ்மட்ட மரபணுக்கள் மீனிலிருந்து மனிதன்வரை பெரும்பாலும் அதே ஆட்கள்தான். டிஎம்ஆர்டி1, சாக்ஸ்9 எல்லாம் எங்கும் திரும்பத் திரும்ப வரும். மேலே உட்கார்ந்து முதல் உத்தரவு கொடுப்பது மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. ஒரு இடத்தில் ஒய், ஒரு இடத்தில் இசட்டின் அளவு, ஒரு இடத்தில் மணல் சூடு. ஜப்பானில் ஒரு தவளை இனத்தில் ஒரு வட்டாரத்தில் எக்ஸ் ஒய், இன்னொரு வட்டாரத்தில் இசட் டபிள்யூ. முட்டையிடும் பாலூட்டியான பிளாட்டிபஸில் ஆணுக்குப் பத்து பால் குரோமோசோம், ஐந்து எக்ஸ், ஐந்து ஒய், எஸ்ஆர்ஒய் கிடையாது. நம் நாட்டுக் கேளையாடு என்ற சிறு மானில் பெண்ணுக்கு மொத்தமே 6 குரோமோசோம், ஆணுக்கு 7. எக்ஸ் போய் வேறொரு குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டதால் வந்த வித்தியாசம். சீனத்து நெருங்கிய சொந்தத்துக்கோ 46.

டீச்சரம்மா எழுதியது:
மனிதரிலும் முதல் உத்தரவோடு கதை முடிவதில்லை என்பதைச் சேர்த்துக்கொள்கிறேன். எக்ஸ் ஒய், எஸ்ஆர்ஒய், உடலுக்குள் விரை எல்லாம் இருந்தும், ஆண் ஹார்மோனை ஏற்கும் மரபணு வேலை செய்யாததால் பெண் உடலோடு பிறந்து பெண்ணாகவே வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஸ்பெயின் தடையோட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினெஸ் பாட்டின்யோ 1985இல் குரோமோசோம் சோதனையில் நிறுத்தப்பட்டு, போராடி மீண்டும் ஓட அனுமதி பெற்றார். நம் புதுக்கோட்டை சாந்தி 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வாங்கிய வெள்ளியைப் பால் சோதனையைச் சொல்லிப் பறித்துக்கொண்டார்கள். ஒரு கிராமத்துப் பெண்ணை ஊர் முன்னால் அப்படி நிறுத்தியதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. இடைப்பால் குழந்தைகளுக்குத் தேவையில்லாத அறுவைசிகிச்சை கூடாது என்று 2019இல் மதுரை அமர்வு சொன்ன தீர்ப்பை மாணவர்களிடம் கட்டாயம் சொல்வேன்.

கல்லூரி_மாணவி எழுதியது:
எல்லாருக்கும் நன்றி. நான் இளநிலை விலங்கியல் இரண்டாம் ஆண்டு. இதையெல்லாம் படித்த பிறகு பால் குரோமோசோமைக் கண்ணால் பார்க்க ஆசையாக இருக்கிறது. எங்கள் ஆய்வகத்தில் சாதாரண நுண்ணோக்கிதான். முடியுமா?

நுண்ணோக்கி எழுதியது:
தாராளமாக முடியும் அம்மா. 1905இல் நெட்டி ஸ்டீவன்ஸ் மாவுப்புழு வண்டில் ஒரு சிறு குரோமோசோம் ஆணில் மட்டும் இருப்பதைப் பார்த்ததும் சாதாரணக் கண்ணாடி நுண்ணோக்கியில்தான். பெண்ணில் பெரியவை 20, ஆணில் பெரியவை 19, சிறியது 1. அதை வைத்தே ஆண் பெண்ணை விந்தணு தீர்மானிக்கிறது என்று எழுதினார். அந்தப் பெயர் நம் பாடப்புத்தகங்களில் இன்னும் பெரிதாக வர வேண்டும்.

உங்களுக்கு எளிது எருக்கஞ்செடி வெட்டுக்கிளி, மஞ்சளும் நீலமுமாக இருக்குமே அதுதான். பெண்ணுக்கு 20, ஆணுக்கு 19, ஒய்யே கிடையாது, எக்ஸ் தனியாள். ஆண் பூச்சியின் வயிற்றை மேல்பக்கமாகத் திறந்தால் மஞ்சள் கொழுப்புக்கு நடுவே கொத்தாக மெல்லிய குழாய்கள் தெரியும், அதுதான் விரை. ஒரு பங்கு அசெட்டிக் அமிலம், மூன்று பங்கு ஆல்கஹால் கலவையில் ஊறவையுங்கள். பிறகு ஓரிரு குழாயை மட்டும் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் அசெட்டோகார்மைன் சொட்டில் வைத்து, மேலே மெல்லிய கண்ணாடி மூடி, வடிதாளை வைத்துக் கட்டைவிரலால் நேராக அழுத்துங்கள். பக்கவாட்டில் நகர்த்தினால் எல்லாம் சுருண்டுவிடும். 40 எக்ஸ் லென்சில் தேடினால் ஒன்பது ஜோடிகள் இணைந்து நிற்க, அவற்றுக்கு ஒதுங்கி இணையில்லாமல் ஒன்று கிடக்கும். தொடக்க நிலைச் செல்களில் அது மற்றவற்றைவிட அடர்ந்த சிவப்பாகத் திரண்டிருக்கும். அதுதான் எக்ஸ்.

பிடிக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், முகத்தருகே கொண்டுபோகாதீர்கள். எருக்கம்பாலின் நஞ்சைச் சேர்த்து வைத்திருக்கும், பயந்தால் பீய்ச்சி அடிக்கும்.